‘இராவுத்தர்’ என்னும் பட்டப்பெயர்: சொல்லும் சுற்றமும்

சென்னையின் மேற்குப் புறநகர்களான அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பகுதிகளில் வாழும் முஸ்லிம் குடும்பங்களின் திருமண அழைப்பிதழ்களை உற்று நோக்குவோர் ஒரு செய்தியை எளிதில் உணரலாம். மணமக்களின் பெயர்கள் பெரும்பாலும் ஒரே தன்மையான அரபுப் பெயர்களாகவே அமைந்திருக்கும். அப்பெயர்களைக் கொண்டு யார் எவ்வழி வந்தவர் என்று கூற இயலாது. தந்தையார் பெயருக்கும் பாட்டனார் பெயருக்கும் மேலேறிச் செல்லும்போதுதான் வேறுபாடு புலனாகும். ஒருபுறம் கான், பேக், ஷரீஃப் என முடியும் பெயர்கள் நிற்கும். மறுபுறம் இராவுத்தர், மரைக்காயர், லெப்பை என முடியும் பெயர்கள் நிற்கும்.

இதற்கு வரலாற்றுக் காரணம் உண்டு. பூந்தமல்லி, பதினேழாம் நூற்றாண்டில் கோல்கொண்டாச் சுல்தான்களின் ஆளுநர் தங்கியிருந்து சுற்றுப்புறத்தை ஆண்ட ஊர். பின்னர் ஆர்க்காட்டு நவாபுகளின் ஆட்சியிலும் இருந்தது. தக்கணி உருது பேசும் மக்கள் இவ்வட்டாரத்தில் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டையும் ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையும் தோன்றிய பின்னர், மதுரை, திண்டுக்கல், தேனி, திருச்சி, நெல்லை முதலிய பகுதிகளிலிருந்து தமிழ் பேசும் முஸ்லிம்கள் பிழைப்பு நாடி இங்குக் குடியேறினர். அவர்களுள் இராவுத்தர் என்னும் பட்டம் உடைய குடும்பத்தினர் கணிசமானோர்.

குடியேறியவர்களின் பிள்ளைகள் அப்பட்டத்தைப் பெரும்பாலும் கைவிட்டனர். தந்தை பெயரின் முதலெழுத்தும் தம் பெயருமே போதும் என்றிருந்தனர். தமிழகத்தில் எல்லாச் சமயத்தாரிடமும் ஏற்பட்ட மாற்றமே இது. ஆனால் அண்மைக் காலத்தில், கைவிடப்பட்ட பட்டம் மீண்டும் தேடப்படுகிறது. காரணம் பக்தியும் அன்று, பழம்பெருமையும் அன்று, விண்ணப்பப் படிவங்கள்தாம். கடவுச்சீட்டில் குடும்பப்பெயருக்கு எனத் தனிக்கட்டம் உண்டு. ஒற்றைப் பெயர் மட்டும் உடைய கடவுச்சீட்டில் வருகையாளர் விசா பெற்று வருவோரை ஏற்பதில்லை என ஐக்கிய அரபு அமீரகம் 2022 நவம்பரில் அறிவித்தபோது, முதலெழுத்தோடு வாழ்ந்து பழகிய தமிழ்க் குடும்பங்கள் பலவும் அக்கட்டத்தை எதைக்கொண்டு நிரப்புவது என்று எண்ணத் தலைப்பட்டன. தந்தை பெயரை இடுவோர் பலர். பாட்டனார் பெயரின் இறுதியில் நின்ற ‘இராவுத்தர்’ என்பதை மீட்டெடுப்போரும் உளர்.

மீட்டெடுத்தவுடன் அடுத்த வினா எழுகிறது: இப்பெயருக்கு என்ன பொருள்? இவ்வினாவுக்கு நம் சமுதாயத்தில் வழங்கும் விடைகள் பல. அவற்றுள் பெரும்பாலானவை சொல்லின் வரலாற்றைக் கூறாமல், தம் குலத்தின் பெருமையைக் கூறும் விருப்பத்திலிருந்து பிறந்தவை. ஆகவே சொல்லையே முதலில் ஆராய்வது நலம்.

ஊர்ப்பெயர் தரும் எச்சரிக்கை

பெயர்ப்பொருள் காண்பதில் எவ்வளவு எளிதாக வழுக்கி விழலாம் என்பதற்கு ஆவடியே சான்று. அவ்வூர்ப் பெயர், கவச வாகனங்களையும் படைக்கலக் கிடங்கையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்றொடரின் முதலெழுத்துகளைக் கோத்து அமைக்கப்பட்டது என்று படித்தவர்களும் கூறக் கேட்கலாம். டாங்கிகள் செய்யும் ஊராதலால் விளக்கம் கச்சிதமாகப் பொருந்துகிறது. பொருந்துவதுதான் இதிலுள்ள ஆபத்து. கனரக வாகனத் தொழிற்சாலை நிறுவப்பட்டது 1961-இல். அங்கிருந்து முதல் விஜயந்தா டாங்கி வெளிவந்தது 1965-இல். சமதர்மப் பாங்கான சமுதாயம் என்னும் தீர்மானத்தை நிறைவேற்றிய காங்கிரஸ் மாநாடு ஆவடியில் கூடியதோ 1955 ஜனவரியில். டாங்கி செய்யத் தொடங்குமுன்னரே ஆவடி ஆவடியாகத்தான் இருந்தது. கையிலுள்ள நிலைமையை வைத்துக்கொண்டு பெயரைப் பின்னோக்கிப் படிப்பதால் விளைந்த கற்பனை இது. மக்கட்பெயர்களிலும் இதே பிழை நேர்கிறது. ஆங்கே ஊர்ப்பற்றுக்குப் பதிலாக குலப்பற்று வந்து நிற்கிறது.

அரண்மனையிலிருந்து குதிரை லாயத்துக்கு

சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதி, இராவுத்தன் என்னும் சொல்லுக்குக் குதிரைவீரன் என்று பொருள் கூறுகிறது. ‘இராவுத்தர்’ என்பது அதன் மரியாதைப் பன்மை. தொடக்கத்திலுள்ள இகரம், ரகரம் தமிழில் சொல்லுக்கு முதலாகாது என்னும் மரபால் வந்து சேர்ந்தது. ஆதலால் வேரைத் தேடுவோர் ‘ராவுத்த’ என்னும் பகுதியைக் கொண்டே தேடவேண்டும்.

இதே சொல் தமிழுக்கு வடக்கே உள்ள மொழிகளில் நிரம்ப வழங்குகிறது. கன்னடத்தில் ‘ராவுத’ என்றால் குதிரைவீரன். தெலுங்கில் ‘ரௌது’ என்பதும் அதே பொருளுடையது. ஆள் எப்படியோ குதிரையும் அப்படி என்னும் கருத்தில் தெலுங்கர் கூறும் பழமொழியில் அச்சொல்லே வருகிறது. மராட்டியில் ‘ராவூத்’ என்பது வீரனையும் குதிரைச் சேவகனையும் குறித்தது. இன்று அது மராட்டிய மாநிலத்தில் பரவலான குடும்பப்பெயர். ஒடிசாவில் ‘ராவுத்’, உத்தராகண்டில் ‘ராவத்’. இவை யாவும் வடமொழி ‘ராஜபுத்ர’ என்பதன் திரிபுகள் என்பது மொழிநூலார் கொள்கை. இந்திய ஆரிய மொழிகளுக்கு ஒப்பீட்டு அகராதி தொகுத்த ஆர்.எல். டர்னர், பிராகிருதத்தில் அது ‘ராஉத்த’ என மாறியதைக் காட்டுகிறார். சொல்லின் நடுவிலுள்ள ஜகரமும் பகரமும் தேய்ந்தன. ‘புத்ர’ என்பதிலுள்ள ‘த்ர’ இரட்டைத் தகரமாயிற்று. இரு உயிர்களுக்கிடையே வகரம் உடம்படுமெய்யாக நுழைந்தது. பிராகிருதத்தின் அந்த இரட்டைத் தகரத்தைத் தமிழ் இன்றளவும் காத்து வைத்திருக்கிறது. மராட்டியும் தெலுங்கும் அதை ஒற்றையாக்கிவிட்டன.

அரசகுமாரன் எவ்வாறு குதிரைவீரனானான்? இந்த ஐயத்தைத் தீர்க்க மற்றொரு சொல் துணைபுரிகிறது. யானைப்பாகனைத் தமிழில் ‘மாவுத்தன்’ என்றும் கூறுகிறோம். அது ‘மஹாமாத்ர’ என்பதன் திரிபு. மஹாமாத்ரர் என்போர் அசோகர் காலத்தில் பேரதிகாரிகள். அறத்தைக் கண்காணிக்கும் பொறுப்பில் அமர்த்தப்பட்டோர். பேரதிகாரியைக் குறித்த பெயர், அரசனின் யானைப்படை அதிகாரிக்கு உரியதாகி, அங்கிருந்து யானை மேல் அமர்ந்து அங்குசம் பிடிப்பவனிடம் வந்து தங்கிவிட்டது. அரசகுமாரனின் பெயரும் அவ்வாறே குதிரையேறிப் போர்புரியும் உயர்குடி வீரனுக்கு உரியதாகி, பின்னர்க் குதிரையேறும் எவனுக்கும் பொதுவாயிற்று. மாவுத்தன், இராவுத்தன் என்னும் இரண்டும் ஓசையில் மட்டுமல்ல, வரலாற்றிலும் உடன்பிறப்புகள். இரண்டும் அரண்மனையில் பிறந்து லாயத்தில் வளர்ந்தவை.

சத்தீஸ்கரில் இச்சொல் இன்னும் ஒரு படி இறங்கிற்று. ஆங்கு ‘ராவுத்’ எனப்படுவோர் ஆநிரை மேய்ப்போர். தீபாவளியை ஒட்டி அவர்கள் ஆடும் ‘ராவுத் நாச்சா’ என்னும் கூத்து புகழ்பெற்றது. ஆக ஒரே சொல், ஓரிடத்தில் போர்மறவனையும் ஓரிடத்தில் இடையனையும் ஓரிடத்தில் முஸ்லிம் குடும்பத்தையும் குறிக்கிறது. இம்மூவரையும் ஒரு குலத்தவர் என எவரும் கூறமாட்டார். பெயரின் ஒற்றுமை வேறு, பிறப்பின் ஒற்றுமை வேறு என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று அரிது.

இந்நிலை இராவுத்தருக்கு மட்டும் நேர்ந்ததன்று. பூந்தமல்லியில் பக்கத்து வீட்டாராக வாழும் கான்களின் பட்டமும் துருக்கிய, மங்கோலிய நிலங்களில் பேரரசனைக் குறித்த சொல்தான். அது இறங்கி வந்த படிகளின் எண்ணிக்கை இன்னும் அதிகம்.

சமயம் கடந்த ஒரு சொல்

தமிழில் இச்சொல் தொடக்கத்தில் முஸ்லிமைக் குறிக்கவில்லை. பதினைந்தாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் அருணகிரிநாதர், கந்தரலங்காரத்தில் மயிலேறும் முருகனை இராவுத்தனே என விளிக்கிறார். மயிலைக் குதிரையாகவும் முருகனை அதன்மேல் ஏறிவரும் வீரனாகவும் கண்ட கற்பனை அது. சொல்லில் சமயச் சாயல் இருந்திருப்பின் அவர் அதனைத் தம் வழிபடு கடவுளுக்குச் சூட்டியிருக்கமாட்டார். அவருக்கு முன்பே கன்னட நாட்டில் போசள அரசின் தண்டநாயகர் சிலர் ‘ராவுத்தராயன்’ என்னும் விருதுப்பெயரைத் தாங்கியிருந்தனர். அவர்களும் முஸ்லிம்கள் அல்லர்.

ஆயினும் அருணகிரிநாதர் வாழ்ந்த காலத்திலேயே நிலைமை மாறத் தொடங்கியிருந்தது. அவர் பாடலொன்றில் குறிக்கப்படும் பிரபுடதேவ மாராயர், விஜயநகரப் பேரரசர் இரண்டாம் தேவராயர் என்பர். அவ்வரசர் முஸ்லிம் வில்லாளரையும் குதிரைவீரரையும் தம் படையில் சேர்த்து, அவர்களுக்குப் பள்ளிவாசல் கட்டிக்கொடுத்து, அவர்கள் தமக்கு வணக்கம் செலுத்த மனத்தடை இல்லாதிருக்கத் திருக்குர்ஆன் பிரதியொன்றை அரியணைக்கு முன் வைத்திருந்தார் என வரலாற்றாசிரியர் ஃபிரிஷ்தா எழுதுகிறார். குதிரைப்படை என்றாலே முஸ்லிம் வீரர் நினைவுக்கு வரும் காலம் இவ்வாறு மெல்ல உருவாயிற்று.

இம்மாற்றத்தின் இன்னொரு தடயம் செஞ்சி வட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் உள்ளது. ஆங்கே காவல் தெய்வங்களுள் ஒன்றாக ‘முத்தால் ராவுத்தன்’ என்னும் முஸ்லிம் வீரன் நிறுத்தப்பட்டிருக்கிறான். அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டெபெய்டல் 1988-இல் வெளியிட்ட நூலில் இதனை விரிவாக ஆராய்ந்திருக்கிறார். அத்தகைய வழிபாடு நம் கொள்கைக்கு உடன்பாடன்று என்பதைச் சொல்லவேண்டியதில்லை. எனினும் சொல்வரலாற்றுக்கு அது நல்ல ஆவணம். கிராம மக்களின் நினைவில் முஸ்லிம் என்பவன் யாராகப் பதிந்திருந்தான்? குதிரையேறி வரும் காவல்வீரனாக. பகைவனாக மட்டுமே பதிந்திருந்தால் கோயில் வாயிலில் காவலுக்கு நிறுத்தியிருக்கமாட்டார்கள்.

பழமொழிகள் இந்த வீரனைக் கேலி செய்யவும் தயங்கவில்லை. இராவுத்தர் பசியால் பறந்துகொண்டிருக்கையில் அவர் குதிரை கோதுமை ரொட்டி கேட்டதாம் என்னும் பொருளில் ஒரு பழமொழி தமிழ்நாட்டில் வழங்குகிறது. போரற்ற காலத்தில் சம்பளமும் இல்லாது, குதிரைக்குத் தீனியும் போடவேண்டிய சேவகனின் இரங்கத்தக்க நிலையை அது நகைச்சுவையாகக் காட்டுகிறது. இப்பழமொழியில் ஓர் உண்மை ஒளிந்திருக்கிறது. குதிரை என்பது அன்று பெருஞ்செல்வம். அதை வைத்திருப்பவன் செல்வனாக இருந்தே தீரவேண்டும் என்பதில்லை.

எவ்வளவு பெருஞ்செல்வம் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப், கைஸ் தீவின் தலைவரான மலிக்குல் இஸ்லாம் ஜமாலுத்தீன் என்பார் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஅபர் எனப்பட்ட பாண்டிய நாட்டுக் கரைக்கு அனுப்ப ஒப்பந்தம் செய்திருந்ததையும், ஒரு குதிரைக்கு 220 பொன் தீனார் விலை குறித்திருந்ததையும் பதிவுசெய்கிறார். அவருடைய உடன்பிறப்பான தகியுத்தீன் அப்துர் ரஹ்மான் பாண்டிய மன்னரிடம் அமைச்சராக விளங்கினார். அதே காலத்தில் இக்கரைக்கு வந்த மார்கோ போலோ, மன்னர் ஆண்டுக்கு இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குதிரைகளை வாங்குவதாகவும், பேணத் தெரிந்தவர் இன்மையால் ஆண்டு முடிவில் நூறுகூட மிஞ்சுவதில்லை எனவும் எழுதினார். விலைகொடுத்து வாங்கிய குதிரையைக் காப்பாற்றத் தெரிந்தவர், ஏறத் தெரிந்தவர், பழக்கத் தெரிந்தவர் ஆகியோருக்குப் பாண்டிய நாட்டில் எத்துணை மதிப்பு இருந்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. இறக்குமதி செய்தவரும் முஸ்லிம், பேணியவருள் பலரும் முஸ்லிம், பிற்காலத்தில் படையில் ஏறியவருள் பலரும் முஸ்லிம் என்றானபோது, குதிரைவீரனுக்குரிய பொதுப்பெயர் முஸ்லிமுக்கு உரிய சிறப்புப்பெயராகக் குறுகிற்று.

குதிரையோடு வந்த சொற்கள் தமிழில் இன்னும் உள. சவாரி, லகான், சவுக்கு ஆகிய மூன்றும் பாரசீகத்திலிருந்து வந்தவை. சவாரி என்பதன் அடியான ‘சவார்’ என்னும் சொல்லுக்கும் குதிரையேறுவோன் என்றே பொருள்; இராவுத்தனின் நேர் பாரசீக மொழிபெயர்ப்பு என்றே கூறலாம். இந்தியத் தரைப்படையில் குதிரைப்படையின் வாரிசாக வளர்ந்தது கவசப்படை. டாங்கியில் ஏறுகிற கடைநிலை வீரனுக்கு அங்கே இன்றும் ‘சவார்’ என்பதே பதவிப்பெயர். அவனுக்கு மேலுள்ள இளநிலை அதிகாரி ‘ரிசால்தார்’. ஆவடியில் வார்ப்பும் பற்றவைப்பும் செய்து உருவாக்கப்படும் டாங்கியைச் செலுத்தப்போகிறவன், பதவிப் பட்டியலின்படி ஒரு குதிரைக்காரன். தொழிற்சாலையில் பணிபுரிந்த இராவுத்தர் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் இந்த உறவை எண்ணிப் பார்த்தார்களோ!

அரபு வேரும் துருக்கி வேரும்

இனி, மாற்று விளக்கங்களை நோக்குவோம். இராவுத்தர் என்பது ‘ராபித்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபு என்பார் உளர். எல்லையில் குதிரைகளைக் கட்டிவைத்துக் காவல்புரிவதை அரபியர் ‘ரிபாத்’ என்றனர். திருக்குர்ஆனின் எட்டாம் அத்தியாயத்து 60-ஆம் வசனத்தில், பகைவரை எதிர்கொள்ள ஆயத்தமாக்க வேண்டியவற்றுள் கட்டிவைக்கப்பட்ட குதிரைகளும் கூறப்படுகின்றன. ஆங்கு வரும் சொல் அதுவே. விரைந்தோடும் குதிரைகளின்மீது ஆணையிட்டுத் தொடங்கும் ‘அல்ஆதியாத்’ அத்தியாயமும், குதிரைகளின் நெற்றி மயிரில் மறுமை நாள்வரை நன்மை பிணைக்கப்பட்டுள்ளது என்னும் கருத்துடைய நபிமொழியும் இவ்விளக்கத்துக்கு ஓர் அழகைத் தருகின்றன. நெஞ்சுக்கு இதமான விளக்கம்தான். ஆனால் இச்சொல் அரபு நாட்டு வணிகர் வந்திறங்கிய கரைகளைக் காட்டிலும் ஒடிசாவிலும் இமயமலைச் சாரலிலும் மராட்டியத்திலும், முஸ்லிம் அல்லாதாரிடையே வேரூன்றி நிற்கிறது. அரபு வேரைக் கொண்டால் சத்தீஸ்கர் இடையனுக்கும் உத்தராகண்ட் மலைவாழ்நனுக்கும் அப்பெயர் எங்ஙனம் வந்தது என்பதற்கு விடை கூற இயலாது. ராஜபுத்ர என்னும் வேரோ அனைத்தையும் ஒருங்கே விளக்குகிறது.

துருக்கிய வழிமரபு பேசுவோர் மற்றொரு சான்றைக் காட்டுவர். இராவுத்தர் வீடுகளில் தந்தையை ‘அத்தா’ என அழைக்கும் வழக்கம் உண்டு. துருக்கி மொழியில் ‘அதா’ என்றாலும் தந்தை. இரண்டும் ஒன்றெனக் கொண்டு, துருக்கியக் குதிரைவீரரின் நேர் வாரிசுகளே இராவுத்தர்கள் எனத் துணிவர். ஆனால் ‘அத்தன்’ என்பது தந்தையைக் குறிக்கும் பழந்தமிழ்ச் சொல், தேவாரத்திலேயே பயில்வது. வீட்டு முற்றத்தில் கிடைப்பதைத் தேடிக் கடல்கடந்து போகவேண்டிய தேவை இல்லை. தாய், தந்தையரைக் குறிக்கும் மழலைச் சொற்கள் தொடர்பற்ற பல மொழிகளில் ஒத்த ஓசையுடன் அமைவது இயல்பென்பதையும் மொழிநூலார் நெடுங்காலமாகக் கூறிவருகின்றனர்.

இவ்வாறு கூறுவதால் இராவுத்தர்களின் முன்னோருள் துருக்கியரோ அரபியரோ பாரசீகரோ எவரும் இல்லை என்பது கருத்தன்று. இருந்திருக்கலாம், சில குடும்பங்களில் நிச்சயமாக இருந்திருப்பர். மதுரையில் 1335 முதல் 1378 வரை ஒரு சுல்தானியம் நடந்தது. அதன் படையினர் அனைவரும் மறைந்துபோயிருக்க முடியாது. திருச்சியில் அடங்கியுள்ள நத்ஹர் வலீ (ரஹ்) அவர்களால் இஸ்லாத்தைத் தழுவிய குடும்பங்கள் தாங்கள் என இராவுத்தர் பலர் வழிவழியாகக் கூறி வருகின்றனர். அவ்வாறாயின் அவர்கள் இந்த மண்ணின் மக்கள். குதிரையேறியே அறியாதவரும் இப்பட்டத்தைத் தாங்கினர். கொடிக்காலில் வெற்றிலை பயிரிட்டோரும், தறியில் அமர்ந்தோரும், தோல் வணிகம் செய்தோரும் இராவுத்தர்களே. நாம் சொல்ல வந்தது இவ்வளவே: பட்டப்பெயரை வைத்துக்கொண்டு குருதிவழியை நிறுவ முடியாது. குருதிவழிக்குச் சான்று வேறிடத்தில் தேடப்படவேண்டும்.

மரைக்காயர் என்னும் பெயரை மரக்கலத்தோடு இணைப்பதும், கலம் எனப் பொருள்படும் அரபு ‘மர்கப்’ என்பதோடு இணைப்பதும், லெப்பை என்பதை ஹஜ்ஜின் ‘லப்பைக்’ முழக்கத்தோடு இணைப்பதும் தனித்தனி ஆராய்ச்சிக்குரியவை. மூன்றுமே பணியையோ பண்பையோ சுட்டி எழுந்தவையாகத் தோன்றுகின்றன என்பதை மட்டும் இங்குக் குறிப்போம். இலங்கையில் லெப்பை என்பது பள்ளிவாசற் பணி செய்வோரின் பெயராகவே நின்றது.

பட்டியலில் ஏறிய பட்டம்

பணிப்பெயரைச் சாதிப்பெயராக்கியதில் ஆங்கிலேயரின் கணக்கெடுப்புக்கும் இனவரைவு நூல்களுக்கும் பெரும்பங்கு உண்டு. 1909-இல் வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் தென்னிந்தியக் குலங்கள் பற்றிய நூல், இராவுத்தன் என்பதைத் தனியொரு குலமாக அன்றி, லெப்பை முதலியோர் தாங்கும் ஒரு பட்டமாகவே குறிக்கிறது. தமிழக அரசு 2007-இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு வழங்கியபோதும், பட்டியலில் ‘இராவுத்தர், மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள்’ என்னும் வாய்பாடே இடம்பெற்றது. அவர்கள் பேசுவது தமிழாயினும் உருதாயினும் சரி என்னும் விளக்கமும் உடன் சேர்ந்தது. இதனால் இராவுத்தர் வீட்டுப் பிள்ளை கல்லூரிக்குச் செல்லும்போது கையில் கொண்டுபோவது லெப்பை என்னும் பிரிவின்கீழ் வரும் சான்றிதழ். இதுகண்டு வருந்துவோர் உண்டு. தம் பட்டம் அடைப்புக்குறியில் சிறைப்பட்டதே என்பது அவர்தம் குறை. ஒதுக்கீடு கல்விக்கும் வேலைக்கும் வழிதிறக்கும் ஏற்பாடு. அதனைக் குலவரலாற்று நூலாகப் படிக்க வேண்டியதில்லை என்பது நம் கருத்து.

வருத்தம் வேறிடத்தில் இருக்கவேண்டும். பெண் கொடுக்கல் வாங்கலில் இப்பட்டங்கள் இன்னும் வேலியாக நிற்கும் குடும்பங்கள் உள்ளன. புறநகரில் ஒரே பள்ளிவாசலில் தோளோடு தோள் உரசி நின்று தொழுவோர், சம்பந்தம் பேசும்போது மட்டும், நீங்கள் எந்தப் பிரிவு என்று தாழ்குரலில் வினவுவதைக் காண்கிறோம். இதற்கு மார்க்க ஆதாரமாகச் சிலர் ‘கஃபாஅத்’ எனப்படும் மணப்பொருத்த விதியை எடுத்துக்காட்டுவர். ஆனால் இராவுத்தர்களுள் மிகப்பெரும்பாலோர் பின்பற்றும் ஹனஃபீ மத்ஹபின் நூல்கள் குலப்பொருத்தத்தை அரபியருக்கே கூறுகின்றன. அரபியரல்லாதாரிடையே குலவரிசை பேணப்படாமையால், முன்னோர் இஸ்லாத்தைத் தழுவிய தலைமுறை, தொழில் முதலியவற்றையே அவை நோக்குகின்றன. நம் பட்டங்களைக் குலமாகக் கொண்டு அவ்விதியைப் பொருத்துவது சட்டநூலாருக்கே வியப்பளிக்கும். இனங்களும் கோத்திரங்களும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்வதற்கே ஆக்கப்பட்டன என்பது திருக்குர்ஆனின் 49-ஆம் அத்தியாயம் 13-ஆம் வசனத்தின் கருத்து. அவ்வசனத்துக்கு இரு வசனங்கள் முன்னதாகவே, ஒருவரை ஒருவர் இழிந்த பட்டப்பெயர்களால் அழைப்பது தடுக்கப்பட்டிருப்பதையும் உடன் வைத்து நோக்கவேண்டும். அறிமுகத்துக்குரிய பெயர் எப்போது ஏற்றத்தாழ்வுக்குரிய பெயராகிறது என்பதே கேள்வி. மராட்டியத்து ராவூத்தும் ஒடிசாவின் ராவுத்தும் நம் பெயரைத் தாங்கி நிற்கையில், அப்பெயரைக் காட்டிப் பக்கத்து வீட்டு மரைக்காயரை அயலார் என்பது எவ்வளவு பொருந்தாச் செயல்!

நம் பெரியோர்கள் இப்பட்டத்தை எவ்வளவு இலகுவாகக் கையாண்டனர் என்பதற்குக் காயிதே மில்லத் அவர்களின் பெயரே சான்று. 1896-இல் திருநெல்வேலியில் பிறந்த அப்பெருமகனாரின் தந்தையார் மியாகான் இராவுத்தர். ‘கான்’ என்பதும் ‘இராவுத்தர்’ என்பதும் ஒரே பெயரில் கூடி நிற்பதைக் காண்க. மைந்தரோ இரண்டையும் தாங்காமல் முஹம்மது இஸ்மாயில் சாகிபு என்றே அறியப்பட்டார். சாகிபு என்பது தோழர் எனப் பொருள்படும் அரபுச் சொல். மரியாதைச் சொல்லாக எவருக்கும் உரியது. தந்தையின் பட்டம் மைந்தரின் பெயரில் இல்லாமையால் அக்குடும்பத்துக்கு ஒரு குறையும் நேரவில்லை.

இன்று பட்டத்தை மீட்டெடுத்துப் படிவத்தில் எழுதுவோர் கருதவேண்டியது ஒன்று உண்டு. தமிழில் இராவுத்தர், ராவுத்தர் என்னும் இரு வடிவங்களே பெரும்பாலும் வழங்குகின்றன. ஆங்கில எழுத்தில் எழுதும்போதோ ரௌதர், ராவ்தர், ராவுத்தர், ரவுத்தர் என ஒலிக்கும் வகையில் நான்கைந்து வடிவங்கள் தோன்றிவிடுகின்றன. கேரளத்தில் ஒருவகை, மலேசியாவில் ஒருவகை, இங்கு ஒருவகை. உடன்பிறந்தோர் இருவரின் ஆவணங்களில் இருவேறு வடிவம் அமைந்தால், ஒரே தந்தைக்குப் பிறந்தவர் என்பதைச் சான்று காட்டி நிறுவ வேண்டிய நிலை அயல்நாட்டு அலுவலகங்களில் ஏற்படக்கூடும். பள்ளிச் சான்றிதழ், ஆதார், கடவுச்சீட்டு ஆகிய மூன்றிலும் ஒரே எழுத்துக்கூட்டு இருத்தல் இன்றியமையாதது. பட்டத்தை எழுதுவதா, விடுவதா என்பது அவரவர் விருப்பம். எழுதினால் குடும்பத்தார் அனைவரும் ஒரே வடிவில் எழுதுவது அறிவுடைமை.

படிவங்கள் விளைத்த மற்றொரு புதுமையும் நோக்கத்தக்கது. இராவுத்தர் என்பது எந்நாளும் ஆடவர் பட்டம். நம் பெண்டிர் பீவி, அம்மாள், பேகம், நாச்சியார் என்னும் ஈறுகளையே தாங்கி வந்தனர். இராவுத்தர் வீட்டுப் பெண்ணின் பெயரில் இராவுத்தர் என்பது சேர்வதில்லை. குடும்பப்பெயர்க் கட்டத்தை நிரப்ப வேண்டிவந்த பின்னர், பாட்டி பீவியாகவும் தாய் பேகமாகவும் இருந்த வீட்டில் பேத்தி தன் கடவுச்சீட்டில் இராவுத்தராகிறாள். குதிரைவீரன் என்னும் ஆண்பாற் சொல் இத்தனை நூற்றாண்டுகளுக்குப் பின் முதன்முறையாகப் பெண்பெயரிலும் ஏறியிருக்கிறது.